ஹாங்காங்கில் டிம் சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங் வருகிற நண்பர்களும் உறவினர்களும், தேநீரோடு சாப்பிடும் சீனப் பண்டங்களான டிம் சம் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஆவி பறக்கும்போதே சாப்பிட வேண்டிய சாப்பாடு. ஆவியில் வேகவைத்து அப்படியே பரிமாறும் மூங்கில் கூடை சிறியதாக இருப்பது, அதில் மூன்று நான்கு மட்டும் வைப்பது, மேசையில் இருக்கிற எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது, கொஞ்சம் கொஞ்சமாக வரவழைப்பது எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

டிம் சம் என்றால் ஒரு பண்டமா, பல பண்டங்களா?

பல. ஆவியில் வெந்த கொழுக்கட்டைகள், பாவ் என்ற பூரணம் வைத்த ஆவி ரொட்டி, அரிசி மாவுச் சுருள், எண்ணெயில் பொரித்தவை, அடுப்பில் சுட்ட இனிப்புகள் என்று நூற்றுக்கும் மேல் உண்டு. இங்குள்ள சீன மொழியான கான்டனீஸ் பேசுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டாரைக் கூப்பிடும்போது ‘யம் சா போகலாமா’ என்றுதான் கேட்பார்கள். தேநீர் குடிக்கப் போவது யம் சா. அதோடு வரும் பண்டங்கள் டிம் சம். தேநீர் இல்லாத டிம் சம் மேசையை ஹாங்காங்கில் பார்ப்பது அரிது.

எந்த ஊர் வழக்கம் இது?

தென்சீனாவின் குவாங்டொங் மாகாணம், குறிப்பாகக் குவாங்சோ நகரம். பழைய நூல்களில் கான்டன் என்று படித்திருப்பீர்கள். 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகக் கப்பல்களுக்குச் சீனா திறந்துவைத்திருந்த ஒரே துறைமுகம் அதுதான். உலகத்துக்குப் போன தேயிலையில் பெரும்பகுதி அந்த ஊர் வழியாகத்தான் போனது. சுமை தூக்குவோர், தரகர்கள், வியாபாரிகள் என்று ஊர் நிறைய ஆட்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே உழைப்பாளிகளுக்கான மலிவான தேநீர்க் கடைகள் இருந்தன. ஒரு தேநீருக்கு இரண்டு லீ காசு என்பதால் அவற்றை ‘இரண்டு லீ கடை’ என்றே அழைத்தார்கள். அப்புறம்தான் மாடி வைத்த பெரிய தேநீர் மாளிகைகள் வந்தன. குவாங்சோவில் தாவ் தாவ் ஜூ 1880இல் தொடங்கியது; இன்றும் அங்கே காலைத் தேநீருக்கு வரிசை நிற்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடைகளுக்குள் கடும் போட்டி. வாரத்துக்கு ஒரு புதுப் பட்டியல் போடும் வழக்கம் அப்போது வந்தது. இன்று நாம் சாப்பிடும் வகைகளில் பலவும் அந்தப் போட்டியில் பிறந்தவை. 1949க்குப் பிறகு குவாங்சோவிலிருந்து நிறைய சமையல்காரர்கள் ஹாங்காங் வந்து சேர, தொழிலின் மையமும் இங்கே நகர்ந்தது.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

காலையும் மதியமும்தான் இதற்கான நேரம். இரவில் போடும் கடைகள் இருக்கின்றன.  பழைய பாணிக் கடைகள் காலை 6 மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் ஓய்வு பெற்ற பெரியவர்கள். ஒரு கெண்டித் தேநீர், இரண்டு பண்டம், ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இதற்கு ‘ஒரு கிண்ணம், இரண்டு துண்டு’ என்று கான்டனீஸில் ஒரு வழக்கே இருக்கிறது.

அமைதியாகச் சாப்பிட வேண்டுமானால் வார நாளில் காலை 9 மணிக்குள் போங்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு 11 மணி. பாட்டி தாத்தா முதல் கைக்குழந்தை வரை மூன்று தலைமுறை ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்திருக்கும். வேலைக்காகத் தனித்தனியாக வாழும் பிள்ளைகள் பெற்றோரை வாரம் ஒருமுறை பார்ப்பது பல வீடுகளில் இந்த மேசையில்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள் என்பேன். மதியம் 2 மணிக்கு மேல் பல கடைகளில் விலை குறையும். கையில் பணம் குறைவாக இருக்கிற மாணவர்களுக்கு அது நல்ல நேரம்.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

பெரிய கடை என்றால் வாசலில் எத்தனை பேர் என்று சொல்லி எண் வாங்க வேண்டும். பழைய கடைகளில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். காலி நாற்காலி எங்கே என்று பார்த்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை; அவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

உட்கார்ந்ததும் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன தேநீர்?’ என்பதுதான். தேநீர் வந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் கிண்ணம், கோப்பை, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் சூடான தேநீரால் அலசுவதைப் பார்ப்பீர்கள். அலசிய தண்ணீரை ஊற்றுவதற்கென்று ஒரு பெரிய கிண்ணம் வைப்பார்கள். பாத்திரம் அழுக்கு என்று பொருளல்ல, பழகிப்போன வழக்கம். வீட்டில் இளையவர் யாரோ அவர்தான் எல்லோருடையதையும் அலசுவார்.

எந்தத் தேநீர் கேட்கலாம்?

பாலும் சர்க்கரையும் கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

போ லேய் என்பது யுன்னான் மாகாணத்துத் தேயிலையை நொதிக்க வைத்துச் செய்வது. வெளியுலகில் பு-எர் என்று சொல்வார்கள். கறுத்த நிறம், ஈர மண் வாசனை. எண்ணெய்ப் பண்டம் சாப்பிடும்போது நாக்கை அது கழுவிவிடுவதுபோல் வேறெதுவும் கழுவாது. முதல் கோப்பை பலருக்குப் பிடிப்பதில்லை; மூன்றாவது கோப்பையில் பிடித்துவிடும். மல்லிகை மணம் ஏற்றிய பச்சைத் தேநீர் ஹியங் பின். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் எளிது. டிட் குன் யாம் பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் நடுவே நிற்கும் ஊலாங் வகை. காய்ந்த சாமந்திப் பூவைப் போ லேய் இலையோடு கலந்தால் குக் போ. என் கட்சி குக் போ. மண் வாசனை கொஞ்சம் அடங்கி, பூவின் மெல்லிய இனிப்பு மேலே வரும்.

தேநீர் ஊற்றும்போது மேசையை விரலால் தட்டுகிறார்களே, ஏன்?

நன்றி சொல்கிறார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடக்கி இரண்டு மூன்று தட்டு. பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்ல நல்ல வழி. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். சீனப் பேரரசர் சியென்லுங் மாறுவேடத்தில் தெற்கே வந்தபோது கூட வந்த சேவகனுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் வேஷம் கலைந்துவிடும். அதனால் சேவகன் விரல்களை மடக்கி மேசையிலேயே வணங்கிவிட்டான் என்பது கதை.

ஊற்றும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரியவர்களுக்கு முதலில், அப்புறம் மற்றவர்களுக்கு, தன் கோப்பைக்குக் கடைசியில். பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியாவதைக் கவனித்து ஊற்றுவதுதான் மரியாதை.

கெண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால்?

யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைப் பாதி திறந்து கெண்டியின் மேலேயே சாய்த்து வையுங்கள். பார்த்துவிட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். இதற்கும் கதை இருக்கிறது. மூடிய கிண்ணத்துக்குள் பறவையை வைத்திருந்த ஒரு வம்புக்காரன், கடைப் பையன் மூடியைத் திறந்ததும் பறவை பறந்துபோனதென்று நஷ்டஈடு கேட்டானாம். அன்றிலிருந்து வாடிக்கையாளர் திறக்காத மூடியைக் கடைக்காரர் தொடுவதில்லையாம்.

முதல்முறை போகிறேன். எதையெல்லாம் கேட்பது?

நால்வர் போனால் முதல் சுற்றில் நான்கு கூடை போதும். ஹார் கவ், சியூ மாய், சார் சியூ பாவ், டான் டாட் ஆகிய நான்கையும் சேர்த்து நான்கு பெரும் அரசர்கள் என்று சொல்வதுண்டு. முதலாவது இறால் கொழுக்கட்டை. சியூ மாய், பன்றி இறைச்சியும் இறாலும் வைத்து மேலே திறந்தபடி மஞ்சள் தோலில் சுற்றியது. சார் சியூ பாவ், இனிப்பும் உப்புமான பன்றி வறுவல் வைத்த வெள்ளை பாவ். நன்றாக வெந்தது என்றால் தலை வெடித்துப் பூவாக மலர்ந்திருக்கும். டான் டாட் என்பது முட்டைப் பாகு நிரப்பிய சிறிய டார்ட். ஆங்கிலேயர் பண்டத்திலிருந்து வந்தது. பக்கத்திலுள்ள மக்காவில் கிடைக்கும், மேலே கருகிய புள்ளி விழுந்த டார்ட் வேறு. அதை 1989இல் கொலோவான் கிராமத்தில் பேக்கரி வைத்த ஆங்கிலேயர் ஆண்ட்ரூ ஸ்டோ பிரபலமாக்கினார்.

இரண்டாவது சுற்றில் ச்சுங் ஃபன் கட்டாயம் இருக்கட்டும். அரிசி மாவுக் கரைசலைத் துணி விரித்த தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, இறாலோ மாட்டிறைச்சியோ வைத்துச் சுருட்டி, இனிப்புச் சோயா ஊற்றித் தருவார்கள். நம் இட்லித் துணி நினைவுக்கு வரும். ஆனால் மாவு புளிப்பதில்லை, இட்லியின் பருமனும் இல்லை, வாயில் வைத்ததும் வழுக்கிப் போகும். அதோடு லோ பாக் கோ. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து வேகவைத்த கட்டியைத் துண்டு போட்டு, கல்லில் இரு புறமும் சிவக்கச் சுட்டது. ஒட்டும் அரிசியும் கோழியும் தாமரை இலையில் பொதிந்த லோ மாய் கை வயிற்றை அடைத்துவிடும், கடைசியில் கேளுங்கள். மாட்டிறைச்சி உருண்டைக்கு வூஸ்டர் சாஸ் தொட்டுக்கொள்வது ஹாங்காங் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்து மிச்சம்.

இனிப்புக்கு மா லாய் கோ. பழுப்புச் சர்க்கரையும் முட்டையும் போட்டு ஆவியில் உப்பவைத்த பஞ்சு கேக். பெயரே மலாய் கேக் என்பதுதான்.

ஒரு கடை நல்ல கடையா என்று எதை வைத்துச் சொல்வது?

ஹார் கவ்வை வைத்து. சந்தேகமே வேண்டாம்.

அதன் தோல் சாதாரண மைதா இல்லை. பசைத்தன்மை நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சோடு வேறொரு கிழங்கு ஸ்டார்ச்சும் கலந்து, கொதிக்கும் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் பிசைய வேண்டும். தண்ணீரின் சூடு கொஞ்சம் குறைந்தாலும் மாவு வேகாமல் உதிரும். உருட்டுக் கட்டையும் கிடையாது. எண்ணெய் தடவிய மழுங்கல் கத்தியின் அகலப் பக்கத்தைச் சிறு உருண்டை மேல் வைத்து, அழுத்தியபடி ஒரு சுழற்று. கண்ணாடிக் காகிதம் போன்ற வட்டம் கத்தியோடு எழும்பி வரும். ஓரம் மெலிதாகவும் ஒரு பக்கம் சற்று அகன்றும் இருக்கும். அந்த அகன்ற பக்கத்தில்தான் மடிப்பு விழும். பத்துக்கு மேல் மடிப்பு வைக்கிற கை தேர்ந்த கை. உள்ளே இறால், மூங்கில் குருத்துத் துணுக்கு, சிறிது கொழுப்பு. இறாலை நன்றாகக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்துக் குளிரவைத்தால்தான் கடிக்கும்போது மொறுமொறுவென்று நிற்கும்.

இனி உங்கள் வேலை. கூடை வந்ததும் தோலுக்குள் இளஞ்சிவப்பு தெரிகிறதா பாருங்கள். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது அடி கிழியக் கூடாது, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டக் கூடாது. வெந்த நேரம் ஐந்து நிமிடத்தைச் சுற்றித்தான். பத்து நிமிடம் ஆவியில் கிடந்தால் தோல் குழைந்துவிடும். வெளியே எடுத்து ஆறவிட்டாலோ விறைத்துவிடும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் உங்கள் மேசைக்குக் கொண்டுவரத் தெரிந்த கடைதான் நல்ல கடை. அதனால், ஹார் கவ் வந்தால் படம் எடுக்காதீர்கள், பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் பண்டங்களைத் தள்ளுவண்டியில் மேசைக்கு மேசை கொண்டுவரும் கடையா, சீட்டில் எழுதிக் கொடுக்கும் கடையா?

தள்ளுவண்டி பார்க்க அழகு. அதற்கும் முந்திய காலத்தில் கழுத்தில் மாட்டிய தட்டில் பண்டங்களைச் சுமந்து, பெயர் கூவிக்கொண்டே மேசைகளுக்கு நடுவில் வருவார்கள். அப்புறம்தான் ஆவிப் பெட்டி வைத்த வண்டி வந்தது. ஹாங்காங் சிட்டி ஹாலில் இருக்கும் மேக்சிம்ஸ் பேலஸ் உணவகத்தில் இன்றும் வண்டி உருள்கிறது. பண்டத்தைக் கண்ணால் பார்த்து விரலால் காட்டலாம், மொழி தேவையில்லை. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் சுவைதான் முக்கியம் என்றால் சீட்டு. பெரும்பாலான கடைகள் இப்போது அதற்கு மாறிவிட்டன. பட்டியல் அச்சடித்த தாளில் பென்சிலால் எண்ணிக்கை எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகுதான் அடுப்பேற்றுவார்கள். வண்டியில் அரை மண்டபம் சுற்றி வந்த ஹார் கவ்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். கோழிக்காலும் விலா எலும்பும் வண்டியில் சுற்றினால் கெட்டுப்போவதில்லை. அவற்றை வண்டியிலேயே எடுக்கலாம்.

கோழிக்காலா? அதில் சாப்பிட என்ன இருக்கிறது?

தோலும் சவ்வும்தான். அதைச் சாப்பிடத்தக்கதாக மாற்றுவதில்தான் சமையல்காரரின் திறமை. நகத்தை வெட்டி, முதலில் எண்ணெயில் பொரிப்பார்கள். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஊறவைத்தால் தோல் சுருங்கிப் பொம்மிக்கொள்ளும். அதை அன்னாசிப்பூ போன்ற மசாலாவோடு மெதுவாக வேகவைத்து, கடைசியில் புளிக்கவைத்த கறுப்புச் சோயா, பூண்டு, மிளகாய் சேர்த்து ஆவியில் ஏற்றுவார்கள். முழுதாக வாயில் வைத்துத் தோலைப் பிரித்துக்கொண்டு எலும்பைத் துப்பிவிட வேண்டும். ஃபுங் ஜாவ் என்று கேளுங்கள். நம் ஊரில் ஆட்டுக்கால் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் தயங்கவே வேண்டாம்.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

சாதாரணக் கடையில் கஷ்டம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். முள்ளங்கி என்று பெயர் இருந்தாலும் லோ பாக் கோவில் காய்ந்த இறாலும் பன்றி சாசேஜும் இருக்கும். சேப்பங்கிழங்கு வடைக்குள் பன்றிக் கொத்துக்கறி. சில இனிப்பு பாவ் மாவில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ‘காய்கறி’ என்று கேட்டால் மேலே இறைச்சி இல்லாமல் தருவார்கள், அவ்வளவே.

அதனால் பௌத்த சைவ உணவகத்துக்குப் போங்கள். ‘சிக் ஜாய்’ என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று புரிந்துகொள்வார்கள். அந்தச் சமையலில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. டயமண்ட் ஹில் பகுதியில் நான் லியன் தோட்டத்துக்குள் இருக்கும் சீ லின் சைவ உணவகம் வீட்டுப் பெரியவர்களை நம்பி அழைத்துப்போகத் தக்க இடம்.

ஹலால் டிம் சம்?

வான் சாய், ஓய் குவான் சாலையில் அம்மார் பள்ளிவாசல் கட்டடம். 5ஆம் மாடியில் இருக்கும் உணவகத்தில் கோழி, மாடு, இறால் வைத்துச் செய்கிறார்கள். ஹாங்காங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். மதியத்துக்குள் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம்.

மோமோவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மோமோ திபெத், நேபாளம் வழி வந்தது. மைதாத் தோல், ஒரே பூரணம், கூடவே காரமான சட்னி, அதுவே முழுச் சாப்பாடு. டிம் சம்மில் கொழுக்கட்டை ஒரு பகுதிதான். தோலும் மாவும் பண்டத்துக்குப் பண்டம் மாறும். சென்னையில் சில கடைகள் இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதால் வந்த குழப்பம்.

சாஸ் எதற்கு எது?

மிளகாய் சாஸும் கடுகும் சிறு தட்டில் வரும். பொரித்தவற்றுக்கும் லோ பாக் கோவுக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஹார் கவ்வைச் சோயாவில் முக்க வேண்டாம், இறாலின் இனிப்பு போய்விடும்.

சாப்ஸ்டிக் பிடிக்க வராது.

கரண்டியோ முட்கரண்டியோ கேட்டால் தருவார்கள். பாவைக் கையால் எடுக்கலாம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாக மட்டும் நட்டு வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பது அப்படித்தான்.

பில் எப்படிப் போடுவார்கள்?

மேசையில் ஓர் அட்டை இருக்கும். பண்டங்களைச் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று விலைப்படி பிரித்திருப்பார்கள். கூடை வர வர அந்தக் கட்டத்தில் முத்திரை குத்துவார்கள் அல்லது குறித்துவிடுவார்கள். அதோடு ஆளுக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம், பல கடைகளில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். கேட்காமல் வந்த கடலைத் தட்டுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

‘மாய் டான்’ என்றால் பில் வரும். பில்லைப் பிடுங்கிக்கொண்டு நான்தான் கொடுப்பேன் என்று இரு குடும்பங்கள் மல்லுக்கு நிற்பதைப் பார்த்தால் சண்டை என்று நினைக்காதீர்கள். உங்களை ஒருவர் அழைத்துப்போயிருந்தால் நீங்களும் ஒருமுறையாவது கை நீட்டுங்கள். அப்புறம் விட்டுக்கொடுத்து, அடுத்த முறை நீங்கள் அழையுங்கள்.

மலேசியா, சிங்கப்பூரில் நல்லது கிடைக்குமா?

தாராளமாக. ஈயச் சுரங்கங்களுக்கு வந்த கான்டனீஸ் மக்கள் பெருகிய ஈப்போ இதற்குப் பேர்போன ஊர்; லியோங் சின் நாம் சாலையில் ஃபோ சான் போன்ற கடைகளில் காலை நேரத்தில் இடம் கிடைப்பதே பெரிய காரியம். அங்கே வளர்ந்த தமிழர்களுக்கு பாவ் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

பழைய கடைகள் நிலைக்குமா?

கவலையாகத்தான் இருக்கிறது. டிம் சம் சமையலறை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பல வருஷம் கற்றால்தான் கை பழகும். இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. தொழிற்சாலையில் செய்து உறையவைத்ததை வாங்கி ஆவியில் வைத்துத் தரும் கடைகள் கூடிவிட்டன. வெலிங்டன் தெருவிலிருந்த லின் ஹியுங் தேநீர்க் கடை 2022இல் மூடியபோது ஊரே வரிசையில் நின்று கடைசித் தேநீர் குடித்தது; 2024இல் அதே தெருவில் மறுபடி திறந்தது. 1933இல் தொடங்கிய லுக் யூ தேநீர்க் கடை இன்னும் நடக்கிறது. இன்னொரு பக்கம், பெரிய ஹோட்டல் சமையல்காரராக இருந்த மாக் குவாய் புய் 2009இல் மாங் காக் பகுதியில் டிம் ஹோ வான் என்ற சின்னக் கடையைத் திறந்து, அடுத்த ஆண்டே, சிறந்த உணவகங்களுக்கு மிஷெலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரம் வாங்கினார். சாதாரண விலையில் கையால் செய்து தர முடியும் என்று அது காட்டியது. ‘இங்கேயே கையால் செய்தது’ என்று எழுதி ஒட்டியிருக்கும் கடையைத் தேடிப் போங்கள். அந்தக் காசு அந்தக் கைகளுக்குப் போகட்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

லோ பாக் கோவில் தொடங்குங்கள். ஒரு கிலோ வெள்ளை முள்ளங்கியைத் துருவி, அதன் தண்ணீரிலேயே மிருதுவாக வேகவிடுங்கள். 250 கிராம் பச்சரிசி மாவு, இரண்டு கரண்டி சோள மாவு, உப்பு, வெள்ளை மிளகு, வதக்கிய காளான் சேர்த்துக் கெட்டியாகக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஒரு மணி நேரம் ஆவியில் வையுங்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் குழைந்துவிடும்; இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் சுடுங்கள்.

மிச்சமானதைக் கட்டி எடுத்துக்கொண்டு போகலாமா?

போகலாம், டப்பா கேட்டால் தருவார்கள். பாவும் சியூ மாயும் மறுபடி ஆவியில் வைத்தால் நன்றாகவே இருக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், மாவு ரப்பராகிவிடும். பொரித்ததை ஓவனில் சூடாக்குங்கள். ஹார் கவ்வை மட்டும் மிச்சம் வைக்காமல் அங்கேயே தீர்த்துவிடுங்கள்.